மிஸ்பாவின் பாகிஸ்தான்: 2010 லார்ட்ஸில் போன பெயர் திரும்பி வந்ததா?

மூன்றாம்ஸ்லிப்:
கெட்ட பெயர் எடுத்த அணி எப்படி மீள்கிறது என்று பேச்சு வந்தால் எல்லோரும் ஆஸ்திரேலியாவில் போய் நிற்கிறார்கள். 2018 கேப் டவுன், பான்கிராஃப்ட் கையில் பந்தைத் தேய்க்க உப்புத்தாள், கேப்டன் ஸ்மித்தின் கண்ணீர், அடுத்த டெஸ்ட் தொடங்கும் முன் புதுக் கேப்டன் டிம் பெய்ன் இரண்டு அணிகளையும் கைகுலுக்க வைத்தது. சரி, அதுவும் ஒரு கதைதான். ஆனால் அதைவிடக் கடினமான மீட்சி பாகிஸ்தானுடையது. நம் ரசிகர்கள் அதைப் பேசாததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும்.

2010 ஆகஸ்ட், லார்ட்ஸ், இங்கிலாந்துடன் டெஸ்ட். மூன்றாவது ஓவர் முதல் பந்தில் பாகிஸ்தானின் ஆமிர் நோ-பால் போடுவார், பத்தாவது ஓவர் கடைசிப் பந்தில் ஆசிஃப் போடுவார் என்று வீரர்களின் ஏஜென்ட் மசர் மஜீத் முன்கூட்டியே சொல்லி 1,50,000 பவுண்ட் வாங்கியிருந்தார். பணம் கொடுத்தவர் சூதாடி இல்லை, ஒரு ஞாயிறு பத்திரிகையின் நிருபர். சொன்ன பந்தில் சொன்னபடி கால் கோட்டைத் தாண்டியது. ஆமிரின் கால் அவ்வளவு தள்ளி விழுந்ததைப் பார்த்து வர்ணனையில் இருந்தவர்களே அசந்து போனார்கள்.

நான்காம் நாள் பாகிஸ்தான் இன்னிங்ஸ் மற்றும் 225 ரன்னில் தோற்றது. பரிசளிப்பு மைதானத்தில் நடக்கவில்லை, பெவிலியனுக்குள் நீண்ட அறையில் முடித்துக்கொண்டார்கள். பாகிஸ்தானின் தொடர் நாயகன் விருது ஆமிருக்கு. இங்கிலாந்து வாரியத் தலைவர் ஜைல்ஸ் கிளார்க் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு அதைக் கொடுத்தார். பதினெட்டு வயதுப் பையன் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான்.

அங்கிருந்து ஆறே வருடத்தில் அதே லார்ட்ஸில் ஜெயித்து, தொடரைச் சமன் செய்து, உலகத் தரவரிசையில் முதலிடம். இதைச் சாதித்தது ஒரு கேப்டன். நான் சொல்ல வருவது இதுதான்: அணியின் பெயரை மீட்டது எந்த அறிக்கையும் இல்லை, எந்தச் சீர்திருத்தமும் இல்லை. மிஸ்பா-உல்-ஹக் ஆடிய விதம்.

ரிவர்ஸ்ஸ்விங்:
அருமையான இழை. ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அணிக்கு அப்போது சொந்த ஊரே கிடையாது. 2009 மார்ச்சில் லாகூரில் இலங்கை அணியின் பேருந்தைச் சுட்டதற்குப் பிறகு யாரும் பாகிஸ்தானுக்கு டெஸ்ட் ஆடப் போகவில்லை. மிஸ்பா 56 டெஸ்டில் கேப்டனாக இருந்தார், அதில் ஒன்றுகூட பாகிஸ்தான் மண்ணில் இல்லை. துபாய், அபுதாபி, ஷார்ஜா. காலி கேலரி. தவறு செய்த அணி சொந்த மக்கள் முன்னால் ஆடித்தான் மன்னிப்பு வாங்க வேண்டும் என்றால் இவர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை. பாகிஸ்தானில் மறுபடி டெஸ்ட் நடந்தது 2019 டிசம்பரில், ராவல்பிண்டியில். அதற்குள் மிஸ்பா ஓய்வு பெற்று இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஃபாலோஆன்:
மிஸ்பாவா? 2007 டி20 இறுதிப் போட்டியில் ஜோகிந்தர் பந்தை ஸ்கூப் அடித்து ஸ்ரீசாந்த் கையில் கொடுத்தவர். 2011 மொஹாலி அரையிறுதியில் 76 பந்தில் 56 அடித்து நமக்கு உதவியவர். நாம் அவருக்குச் சிலை வைக்க வேண்டும், உண்மைதான் :)

மூன்றாம்ஸ்லிப்:
வைக்கலாம் ஃபாலோஆன். ஆனால் அந்த டொக்கு வைக்கிற மனுஷன்தான் அப்போது அந்த அணிக்குத் தேவைப்பட்டார்.

2010 கோடையில் என்ன நடந்தது என்று பாருங்கள். லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றதும் அஃப்ரிடி டெஸ்ட் கேப்டன் பதவியை உதறிவிட்டுப் போனார். சல்மான் பட் வந்தார். படித்தவர், நன்றாக ஆங்கிலம் பேசுவார், வந்ததும் ஹெடிங்லியில் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்தார். எல்லோரும் ஆகா என்றார்கள். ஒரு மாதத்தில் அவரே மாட்டிக்கொண்டார். மிஸ்பா அந்த இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்திலேயே இல்லை, அணியில் எடுக்கவில்லை. அணியில் இடமே இல்லாத 36 வயது ஆளை நேராகக் கேப்டனாக்கினார்கள். வாரியம் யோசித்துச் செய்ததா, வேறு ஆள் இல்லாமல் செய்ததா என்பது தனி விவாதம். என் கட்சி இரண்டாவது.

முதல் தொடர் தென்னாப்பிரிக்காவுடன், எமிரேட்ஸில். அதே வாரம்தான் விக்கெட் கீப்பர் சுல்கர்னைன் ஹைதர், தனக்கு மிரட்டல் வந்ததாகச் சொல்லி, யாரிடமும் சொல்லாமல் ஹோட்டலில் இருந்து கிளம்பி லண்டனுக்கு விமானம் ஏறினார். அணியின் நிலை அது. முதல் டெஸ்டில் 451 ரன் இலக்கு, தோல்வி உறுதி என்று எல்லோரும் நினைத்த இடத்தில் யூனிஸ் 131, மிஸ்பா 76, இருவரும் ஆட்டமிழக்காமல் நின்று டிரா. இரண்டாவது டெஸ்டும் டிரா. யாருக்கும் நினைவில் நிற்காத தொடர். ஆனால் 'இவர்கள் விக்கெட்டை விலைக்கு விற்கவில்லை' என்று பார்க்கிறவனுக்குத் தோன்ற வைக்க அதைவிட நல்ல வழி உண்டா? ஐந்தாம் நாள் முழுக்கக் கட்டை போட்டால் யாரும் சந்தேகப்பட முடியாது.

நைட்வாட்ச்மேன்:
கடைசி வரி அருமை. ஆனால் கொஞ்சம் கனவும் கூட. டெஸ்டில் கட்டை போடுவதையும் சந்தேகப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பாகிஸ்தான் ரசிகர்களே அவரை டுக் டுக் என்று கிண்டல் செய்துகொண்டுதானே இருந்தார்கள்? அங்கே டிவி நிகழ்ச்சிகளில் முன்னாள் வீரர்கள் அவரைத் திட்டாத நாளில்லை.

ரிவர்ஸ்ஸ்விங்:
திட்டியது உண்மை. அதற்குத்தான் 2014 நவம்பர், அபுதாபி. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 21 பந்தில் ஐம்பது, 56 பந்தில் சதம். விவியன் ரிச்சர்ட்ஸின் வேகமான டெஸ்ட் சதத்துக்குச் சமம். நாற்பது வயது தாண்டிய பிறகு. அடிக்கத் தெரியாமல் டொக்கு வைக்கவில்லை என்பது அன்றைக்குத் தெரிந்தது.

ஆனால் நான் பெரிதாக நினைப்பது 2012. இங்கிலாந்து அப்போது டெஸ்டில் உலகின் நம்பர் ஒன். லார்ட்ஸ் நடந்து ஒன்றரை வருடம், மூன்று பேரும் லண்டனில் சிறைத் தண்டனை வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. இங்கிலாந்துப் பத்திரிகைகள் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்திருந்தன. பாகிஸ்தான் 3-0. அபுதாபியில் 145 ரன் இலக்கைத் துரத்திய இங்கிலாந்து 72க்குச் சுருண்டது, அப்துர் ரஹ்மான் 25 ரன்னுக்கு 6 விக்கெட். அடுத்த டெஸ்டில் பாகிஸ்தான் முதல் நாளே 99 ஆல் அவுட், அப்படியும் ஜெயித்தார்கள். தொடர் முழுக்கக் களத்தில் ஒரு சண்டை இல்லை, பழைய கணக்கைத் தீர்க்கிற பேச்சு இல்லை. 2010 செப்டம்பரில் லார்ட்ஸ் வலைப்பயிற்சியில் இங்கிலாந்தின் ட்ராட்டும் பாகிஸ்தானின் வஹாப் ரியாஸும் கைகலப்பு வரை போனவர்கள் என்பதை நினைத்துக்கொண்டு இதைப் பாருங்கள்.

பழையபந்து:
நான் உடன்படவில்லை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், 2012 தொடரில் 24 விக்கெட் எடுத்த சயீத் அஜ்மல். 2014 செப்டம்பரில் ஐசிசி அவர் பந்துவீச்சே விதிக்குப் புறம்பானது என்று நிறுத்தியது. அவரை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை, கை மடக்குவது வேறு, காசு வாங்குவது வேறு. ஆனால் 3-0ஐ மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட முடியாது.

இரண்டாவது, எமிரேட்ஸுக்கு வெளியே. 2013 ஜோகன்னஸ்பர்க்கில் 49 ஆல் அவுட். அதே வருடம் ஹராரேயில் ஜிம்பாப்வேயிடம் தோல்வி. 2016-17இல் நியூசிலாந்தில் 0-2, ஆஸ்திரேலியாவில் 0-3. மொத்தக் கணக்கு 56 டெஸ்ட், 26 வெற்றி, 19 தோல்வி. பாகிஸ்தானின் வேறெந்தக் கேப்டனும் இவ்வளவு ஜெயித்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் பாடுகிற அளவுக்கு இல்லை.

மூன்றாவது, இதுதான் முக்கியம். ஜெயித்தால் பெயர் திரும்பிவிடுமா? நாமே 2000இல் பார்த்தோம். ஏப்ரலில் டெல்லி போலீஸ் தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஹான்ஸி குரோன்யேவின் சூதாட்டத் தொலைபேசிப் பேச்சை வெளியிட்டார்கள். வருடக் கடைசியில் அசாருதீனுக்கு ஆயுள் தடை, ஜடேஜாவுக்கு ஐந்து வருடம். அடுத்த மார்ச்சில் ஆஸ்திரேலியாவுடன் ஈடன் கார்டன்ஸில் லட்சுமண் 281, பிறகு சேப்பாக்கத்தில் ஹர்பஜன், தொடர் 2-1. அவ்வளவுதான், முடிந்தது. கேப்டன் கங்குலியும் பயிற்சியாளர் ஜான் ரைட்டும் இந்திய கிரிக்கெட்டைச் சுத்தம் செய்தார்கள் என்று இன்றைக்கும் சொல்கிறோம். அவர்கள் அணியைச் சுத்தம் செய்தார்கள். அதற்குப் பின்னால் இருந்ததை யார் தொட்டார்? ஜெயித்ததும் நாம் கேட்பதை நிறுத்திவிட்டோம்.

மிட்விக்கெட்:
பழையபந்து அண்ணா, அசாருதீன் தடையை 2012இல் ஆந்திர உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொன்னதையும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்து யாராவது அதைப் பிடித்துக்கொண்டு இழை வேறு பக்கம் போய்விடும்.

ஆமிர் பற்றி யாரும் பேசவில்லையே? லார்ட்ஸிலேயே திரும்பி வந்து ஆடினாரே, அது சரியா?

ரிவர்ஸ்ஸ்விங்:
திரும்பி வந்தது நியூசிலாந்தில், 2016 ஜனவரி, ஒருநாள் மற்றும் டி20. டெஸ்டில்தான் லார்ட்ஸ், அதே வருடம் ஜூலை.

சரியா என்று கேட்டால், சரி. தோஹாவில் ஐசிசி தீர்ப்பாயம் பட்டுக்குப் பத்து வருடம், அதில் ஐந்து நிறுத்திவைப்பு, ஆசிஃபுக்கு ஏழு, அதில் இரண்டு நிறுத்திவைப்பு, ஆமிருக்கு ஐந்து. பிறகு லண்டன் நீதிமன்றத்தில் பட்டுக்கு 30 மாதம், ஆசிஃபுக்கு 12, ஆமிருக்கு 6 மாதம். ஆமிர் அங்கே விசாரணைக்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டார், மற்ற இருவரும் கடைசி வரை மறுத்தார்கள். தண்டனையை அனுபவித்தாகிவிட்டது. அதற்கு மேல் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

பழையபந்து:
தண்டனை முடிந்தால் வெளியே வரலாம், வேலை பார்க்கலாம், உள்ளூர் கிரிக்கெட்டும் ஆடலாம். நாட்டின் தொப்பி உரிமை இல்லை, கொடுக்கிறவன் விரும்பினால் கொடுப்பது. குக் அப்போது இங்கிலாந்து கேப்டன். ஆமிருக்கு எதிராக ஆடுவதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் இப்படிப்பட்டதற்கு ஆயுள் தடைதான் வேண்டும் என்றார். எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது.

அதைவிட, உள்ளே இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? 2015 டிசம்பரில் ஆமிர் இருக்கிற பயிற்சி முகாமுக்கு வரமாட்டோம் என்று ஹஃபீஸும் அஸார் அலியும் மறுத்தார்கள். அஸார் அப்போது ஒருநாள் அணியின் கேப்டன். பதவியைத் துறக்கத் தயாராக இருந்தார், வாரியம் ஏற்கவில்லை. பேசிச் சமாதானம் செய்து முகாமுக்கு அழைத்து வந்தார்கள். நேர்மையாக நின்ற இரண்டு பேரை வாரியம் பணிய வைத்தது. இதை மீட்சி என்று எப்படிச் சொல்வது?

மூன்றாம்ஸ்லிப்:
இந்த இடத்தில் நீங்கள் சொல்வதில் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. மறுபாதிக்கு உண்டு.

மாட்டியவர்களில் பட் கேப்டன். அவர் ஒரு நிருபரிடம் ஏமாந்த பையன் இல்லை, அணியை நடத்துகிறவர். பதினெட்டு வயதில், அணியில் உனக்கு மேலே இருக்கிறவனே செய்யச் சொன்னால் யாரிடம் போய்ப் புகார் செய்வாய்? சும்மா சமாளிப்புக்குக் கேட்கவில்லை. அந்த அணியில் அதற்கு ஒரு வழியும் இருக்கவில்லை என்பதுதான் 2010இன் பாடம். மிஸ்பா காலத்தில் ஒரு இளைஞன் உள்ளே வந்தால், மேலே இருந்தது மிஸ்பாவும் யூனிஸும். அதுதான் மாற்றம். ஆமிர் திரும்பி வந்தபோது அவர்கள் இருந்தார்கள். இல்லாத அணிக்குள் அவரை விட்டிருந்தால் நானும் உங்கள் பக்கம்தான்.

2016 லார்ட்ஸை முழுசாக நினைத்துப் பாருங்கள். மிஸ்பாவுக்கு 42 வயது, இங்கிலாந்தில் அவருக்கு அதுதான் முதல் டெஸ்ட். சதம் அடித்ததும் மட்டையை வைத்துவிட்டு ஒரு சல்யூட், பிறகு புல்தரையில் குப்புறப்படுத்துப் பத்து தண்டால். சுற்றுப்பயணத்துக்கு முன் காகுல் ராணுவப் பயிற்சி மையத்தில் அவர்களைப் பிழிந்து எடுத்திருந்தார்கள், அந்த ஆட்களுக்குக் கொடுத்த வாக்காம். யாசிர் ஷா அந்த டெஸ்டில் பத்து விக்கெட். கடைசி விக்கெட்டை எடுத்தது ஆமிர். பிறகு மொத்த அணியும் வரிசையில் நின்று சல்யூட் வைத்துத் தண்டால் எடுத்தது. ஆறு வருடம் முன்பு பரிசை உள்ளே வைத்துக் கொடுத்து அனுப்பிய அதே பெவிலியனுக்கு எதிரே.

ஃபாலோஆன்:
அடுத்த இரண்டு டெஸ்டில் 330 ரன், 141 ரன் வித்தியாசத்தில் தோற்றதையும் சொல்லிவிடுங்கள் தலைவா. ஓவலில் யூனிஸ் 218 அடித்து ஆகஸ்ட் 14 அன்று ஜெயித்துக் கொடுத்ததால் தப்பித்தார்கள்.

நம்பர் ஒன் ஆனதோ, போர்ட் ஆஃப் ஸ்பெயினில் மழை பெய்து இந்தியாவின் டெஸ்ட் நடக்காமல் போனதால். அதுவும் அக்டோபரில் போய்விட்டது.

ரிவர்ஸ்ஸ்விங்:
மழை நமக்கு எதிராகப் பெய்தால் அநியாயம், அடுத்தவனுக்கு எதிராகப் பெய்தால் விதி. தரவரிசை மூன்று நான்கு வருடக் கணக்கு, ஒரு நாள் மழையில் யாரும் முதலிடத்துக்கு வர முடியாது. முதலிடத்துக்கான கதாயுதத்தை ஐசிசி தலைமை அதிகாரி டேவ் ரிச்சர்ட்சன் லாகூர் கடாஃபி மைதானத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். அதே வருடம் ஐசிசியின் கிரிக்கெட் உணர்வுக்கான விருதும் மிஸ்பாவுக்கு.

நைட்வாட்ச்மேன்:
ஆஸ்திரேலியாவை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். அங்கே குறைந்தபட்சம் நிர்வாகத்தையும் கேள்வி கேட்டார்கள். வெளியே ஓர் அமைப்பிடம் ஆய்வு கொடுத்து, 42 பரிந்துரையோடு அறிக்கை வந்தது. எந்த விலை கொடுத்தாவது ஜெயிப்பது என்கிற புத்தியை வளர்த்ததில் வாரியத்துக்கும் பங்குண்டு என்று அதிலேயே எழுதியிருந்தது. பயிற்சியாளர் லீமன் போனார், சில மாதத்தில் வாரியத் தலைவர் பீவரும் போனார். உப்புத்தாளைத் தொட்டது ஒரு பையன், பதவி இழந்தது தலைவர் வரை. பாகிஸ்தானில் வாரியத் தலைவர் இஜாஸ் பட் என்ன செய்தார்? லார்ட்ஸ் நடந்த அடுத்த மாதமே, ஓவலில் தோற்கக் காசு வாங்கியது இங்கிலாந்து வீரர்கள்தான் என்று பேட்டி கொடுத்தார். வழக்குப் போடுவோம் என்றதும் வாபஸ்.

மிட்விக்கெட்:
ஆஸ்திரேலிய அறிக்கையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தண்டனை ஸ்மித், வார்னர், பான்கிராஃப்ட் மூன்று பேருக்குத்தான். பந்து வீசியவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்கிற மாதிரி 2021இல் பான்கிராஃப்ட் பேசியதும், எங்களுக்குத் தெரியாது என்று நான்கு பந்துவீச்சாளர்கள் கூட்டறிக்கை விட வேண்டி வந்தது. பண்பாடு மாறியதன் அடையாளமாகக் காட்டிய பெய்ன் அதே வருடம் குறுஞ்செய்தி விவகாரத்தில் பதவியை விட்டார். வார்னரின் தலைமைப் பொறுப்புத் தடையை 2024 அக்டோபரில்தான் நீக்கினார்கள். காகிதத்தில் எல்லாம் எழுதி வைத்தும் ஆறு வருடமாக அது முடியவே இல்லை.

பழையபந்து:
முடியாமல் இருந்ததுதானே நல்லது? கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்று அர்த்தம்.

மிஸ்பா விஷயத்தில் என் பிரச்சினை இங்கேதான். அவர் தனி ஆளாக அணியைத் தாங்கினார், அதை மறுக்கவில்லை. 2017 மே மாதம் டொமினிகாவில் விடைபெற்றார். கடைசி ஓவருக்கு முந்தைய ஓவரின் கடைசிப் பந்தில் வெஸ்ட் இண்டீஸின் கடைசி ஆள் கேப்ரியல் கண்ணை மூடிக்கொண்டு சுற்றி போல்டு ஆனார், வெஸ்ட் இண்டீஸில் பாகிஸ்தானின் முதல் டெஸ்ட் தொடர் வெற்றி. அழகான விடை. ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்பு, அவர் இன்னும் கேப்டனாக இருக்கும்போதே, பிஎஸ்எல் (பாகிஸ்தானின் டி20 லீக்) ஸ்பாட் ஃபிக்ஸிங். ஷர்ஜீல் கான் ஜனவரியில்தான் சிட்னியில் மிஸ்பாவின் கீழ் டெஸ்ட் ஆடியிருந்தார். பிப்ரவரியில் மாட்டினார், ஐந்து வருடத் தடை, அதில் பாதி நிறுத்திவைப்பு. மிஸ்பாவைப் பக்கத்தில் இருந்து பார்த்தவனே போய் விழுந்தான் என்றால், அந்த மீட்சி எவ்வளவு ஆழம்?

மூன்றாம்ஸ்லிப்:
2017இல் பிடித்தது யார் என்று பாருங்கள். 2010இல் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை பிடித்தது. 2017இல் பாகிஸ்தான் வாரியத்தின் சொந்த ஊழல் தடுப்புப் பிரிவு, தொடர் ஆரம்பித்த உடனேயே ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. திருடன் இருக்கிறான் என்பதால் எதுவும் மாறவில்லை என்று சொல்ல முடியாது. யார் பிடிக்கிறார்கள் என்பது முக்கியம்.

நைட்வாட்ச்மேன்:
நல்ல வாதம். ஆனால் அதே வாரியம் 2023 டிசம்பரில் என்ன செய்தது? தேர்வுக் குழுவுக்கு ஆலோசகராகச் சல்மான் பட்டை நியமித்தது. ஆமிரை இல்லை, ஆசிஃபை இல்லை, பட்டை! சத்தம் கிளம்பியதும் மறுநாளே எடுத்துவிட்டார்கள். நியமிக்கும்போது அந்த அறையில் இருந்த ஒருவருக்குக்கூட உறுத்தவில்லையா என்பதுதான் என் கேள்வி.

பழையபந்து:
இதற்குத்தான் காத்திருந்தேன். 2000இல் பாகிஸ்தான் வீரர்களின் சூதாட்டம் பற்றி விசாரித்த நீதிபதி கய்யூம் அறிக்கை வந்தது. சலீம் மாலிக்குக்கு ஆயுள் தடை, வேறு சிலருக்கு அபராதம். அபராதப் பட்டியலில் இருந்த வக்காரும் இன்ஸமாமும் பிறகு கேப்டன் ஆனார்கள், 2010 லார்ட்ஸில் பயிற்சியாளர் வக்கார், 2016இல் தேர்வுக் குழுத் தலைவர் இன்ஸமாம். அவர்கள் மேல் சூதாட்டம் நிரூபணம் ஆகவில்லை, அபராதம் விசாரணைக்கு ஒழுங்காக ஒத்துழைக்கவில்லை என்பது போன்ற காரணங்களுக்குத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்த வாரியத்தின் பழக்கம் இது. கொஞ்ச நாள் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறது.

மூன்றாம்ஸ்லிப்:
வாரியத்தை நான் எங்கேயும் தாங்கவில்லை. மேலே போய்ப் பாருங்கள், மிஸ்பாவைக் கேப்டன் ஆக்கியதற்குக்கூட அவர்களுக்கு மதிப்பெண் கொடுக்கவில்லை. ஆனால் பட் நியமனத்துக்கு மறுநாள் என்ன நடந்தது? முதலில் கத்தியது வெளிநாட்டுக்காரர்கள் இல்லை, பாகிஸ்தான் ரசிகர்களும் அங்கேயுள்ள பத்திரிகையாளர்களும். ஆமிரை ஏற்றுக்கொண்ட அதே கூட்டம்தான் பட்டை ஏற்கவில்லை.

நைட்வாட்ச்மேன்:
மிஸ்பாவே 2019இல் தலைமைப் பயிற்சியாளர், தேர்வுக் குழுத் தலைவர் இரண்டுமாக இருந்தாரே. அவர் பயிற்சியாளராக இருந்த 2021இல்தான் ஷர்ஜீல் டி20 அணிக்குத் திரும்பினார். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மூன்றாம்ஸ்லிப்:
ஷர்ஜீல் திரும்பியபோது தேர்வுக் குழுத் தலைவர் மிஸ்பா இல்லை, அந்தப் பொறுப்பை அவர் 2020 கடைசியிலேயே விட்டுவிட்டார். ஆனால் பயிற்சியாளர் அவர்தான், வேண்டாம் என்று சொன்னதாக எங்கேயும் படித்ததில்லை. அது எனக்கும் பிடிக்கவில்லை. கேப்டன் மிஸ்பாவுக்குக் கொடுக்கிற மதிப்பெண்ணைப் பயிற்சியாளர் மிஸ்பாவுக்குக் கொடுக்க மாட்டேன்.

ஃபாலோஆன்:
கடைசியில் ஒரு மதிப்பெண்ணாவது குறைத்தீர்களே. சிலை விஷயம் அப்படியே இருக்கட்டும், ஜோகிந்தர் பந்துக்காக.